மூன்றாவது நட்டு

டக் என்று ஒரு சத்தம் வந்தது. அதற்கே மாமனார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"கேட்டீங்களா மாப்பிள்ளை? போதும்னு அதுவே சொல்லுது!"

பெரிய மாப்பிள்ளைக்குக் கேட்காமல் என்ன? நன்றாகவே கேட்டது. கையிலிருந்த காபி ஆறி ஏடு கட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற மாமனாரின் பழைய காருக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான் சின்ன மாப்பிள்ளை. இவருக்குச் சகலை, மனைவியின் தங்கை புருஷன். கையில் ஒரு முழ நீளத்துக்குப் பளபளவென்று ஒரு டார்க் ரெஞ்ச். நட்டை எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த எண்ணைக் கைப்பிடியில் திருகி வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் டக் என்று சொல்லும். சொன்னதும் நிறுத்திக்கொள்ள வேண்டும். அதன் வித்தையே அவ்வளவுதான். அதைப் பார்க்கத்தான் குடும்பமே காலையிலிருந்து வாசலில் கூடியிருந்தது.

முன்சக்கரம் இரண்டுக்கும் புது டயர். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்டு. அவற்றை அவன் வரிசையாக இறுக்கவில்லை. மேலே ஒன்று, எதிரே கீழே ஒன்று, மறுபடி இந்தப் பக்கம் ஒன்று என்று, குழந்தைகள் கையெடுக்காமல் நட்சத்திரம் வரைவதைப் போலப் போனான். ஒவ்வொரு டக்குக்கும் மாமனார் தலை ஆடியது. மனிதர் முப்பத்தைந்து வருடம் தட்டச்சுப் பள்ளி நடத்தியவர். வேலை நடந்தால் சத்தம் வர வேண்டும் அவருக்கு. சத்தமில்லாமல் நடக்கிற எதையும் அவர் வேலை என்று ஒப்புக்கொண்டதே இல்லை.

ஐந்தும் முடிந்ததும் சின்ன மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து ஒரு நெயில் பாலிஷ் குப்பியை எடுத்தான். நட்டின் தலையிலிருந்து சக்கரத்தின் இரும்பு வரை சிவப்பாக ஒரு கோடு இழுத்தான். கோடு சற்று கோணலாகத்தான் விழுந்தது.

"இது எதுக்கு, அழகுக்கா?" என்றார் பெரிய மாப்பிள்ளை.

"இல்லண்ணே. நட்டு கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு உடைஞ்சு காட்டிக் குடுத்துடும். எங்க ஃபேக்டரியில எல்லா மிஷின்லயும் இப்படித்தான்."

"ஓகோ. பாட்டில் மூடிக்கும் கோடு உண்டா?"

மச்சினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்ன மாப்பிள்ளை அவளைவிடப் பலமாகச் சிரித்தான். அதுதான் பெரிய மாப்பிள்ளையால் தாங்க முடியாதது. குத்தினால் வலிக்க வேண்டாமா ஒரு மனிதனுக்கு?

அவன் வேலை அப்படி. பானம் அடைக்கிற தொழிற்சாலையில், மணிக்கு ஒரு தரம் பத்து பாட்டிலை எடுத்து, மூடி எவ்வளவு இறுக்கமாகத் திருகப்பட்டிருக்கிறது என்று அளந்து எழுதுகிற உத்தியோகம். கல்யாணப் பேச்சு நடந்தபோது அதைக் கேட்டு அதிகமாகச் சிரித்தவர் பெரிய மாப்பிள்ளைதான். "மூடி திறக்கிறவனைப் பாத்திருக்கேன், திருகிப் பாக்கிறதுக்கு ஒரு ஆளா?" என்றார். ஆறு வருடம் அந்தச் சிரிப்பு அவருக்குத் துணையாக இருந்தது. போன மாதம் அவன் வாங்கிய சிவப்புக் கருவிப் பெட்டியும் டார்க் ரெஞ்சும் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டன.

பெரிய மாப்பிள்ளை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். இருபத்தொன்பது வருடமாக ஊரார் மூச்சை "இழுத்துப் பிடிங்க, விடுங்க" என்று சொல்லியே பிழைக்கிறார். அது இருட்டறை வேலை. அங்கே அவரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. படத்தைத்தான் பார்ப்பார்கள், அதையும் டாக்டர்தான் பார்ப்பார். அவர் ஆளாக நின்றது இந்த வீட்டில்தான். கல்யாணமான மூன்றாம் மாதம், மாமனார் வண்டி பாதி வழியில் படுத்துக்கொண்டபோது, பானெட்டைத் திறந்து பேட்டரி முனையை இறுக்கிக் கிளப்பிக் கொடுத்தார். அன்றைக்கு மாமியார், அப்போது உயிரோடு இருந்தவர், "எங்க மாப்பிள்ளைக்குக் கையிலயே கண்ணு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துப் பதினெட்டு வருடம் ஓட்டினார் மனிதர். இரண்டு பஸ் மாறி, ஞாயிறு தவறாமல் வந்து, ஆயில் மாற்றி, பெல்ட் பார்த்து, சக்கரம் கழற்றி மாட்டுவார்.

அளவுகோல் எதுவும் அவருக்குக் கிடையாது. நட்டை இறுக்கும்போது தொண்டையிலிருந்து "ம்ம்" என்று ஒரு சத்தம் வரும். வந்தால் சரி. அதற்குப் பிறகும் நட்டின் மேல் உள்ள பிரியத்தால் கால் திருகு கூடுதலாகக் கொடுப்பார். ஒருமுறை வழியில் டயர் பஞ்சராகி, அவர் இறுக்கிய நட்டை யாராலும் கழற்ற முடியாமல், லாரிக்காரர் ஒருவர் ஸ்பானர் மேலேயே ஏறி நின்று குதிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கதையை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வீட்டில் ஊறுகாய் ஜாடியை அவர் மூடினால் மறுபடி அவர்தான் திறக்க வேண்டும். அதிலும் அவருக்குச் சந்தோஷம்தான்.

அன்று காலை, சின்ன மாப்பிள்ளை கோடு போட்டுக்கொண்டிருக்கும்போதே, காபி டம்ளரை வைக்க உள்ளே போனார். சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் மாமனார் தட்டச்சு செய்து ஒட்டிய தாள் ஒன்று உண்டு. எதற்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பட்டியல். கேஸ், குழாய், கரண்டு, டாக்டர் என்று போகும். 'வண்டி' என்ற இடத்துக்கு நேராகப் பதினெட்டு வருடமாக 'பெரிய மாப்பிள்ளை' என்று இருந்தது. தாள் பழுத்துப் போயிருந்தது. இன்றைக்குப் பார்த்தால் தாள் வெள்ளைவெளேரென்று இருக்கிறது.

வண்டி - சின்ன மாப்பிள்ளை.

அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினார். கடைசி வரியில் தன்னைக் கண்டுபிடித்தார்.

எக்ஸ்ரே - பெரிய மாப்பிள்ளை.

இந்தக் குடும்பத்தில் யாருக்காவது எலும்பு முறிந்தால்தான் இனி தன்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தார். அலமாரிக் கதவை மெதுவாகத்தான் மூடினார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. நான்கு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. கண் ஆபரேஷன் ஆகியிருந்த தங்கையைப் பார்க்க மாமனார் போகிறார். கூட இரண்டு மகள்களும். வண்டியோட்டுவது சின்ன மாப்பிள்ளை. மூன்று மணி நேரப் பயணம், அதில் பாதி மலையேற்றம். பெரிய மாப்பிள்ளைக்கு மறுநாள் காலை டியூட்டி. வழியனுப்ப மட்டும்தான் அவர்.

இரண்டு மணிக்கு வீடு உறங்கியது. மாமனார் குறட்டை கூடத்திலிருந்து ஒரே சீராக வந்தது. பெரிய மாப்பிள்ளை பனியனோடு எழுந்து வாசலுக்கு வந்தார். படிக்கட்டுக்கு அடியில் அவருடைய பழைய கருவிப் பெட்டி, ஒரு மாதத்துத் தூசியோடு இருந்தது. வீல் ஸ்பானரை எடுத்தார். கூடவே ஒரு இரும்புக் குழாயையும்.

அவர் மனதில் பெரிய சதி எதுவும் இல்லை. பத்து நட்டில் ஒன்று, ஒன்றே ஒன்று, கொஞ்சம் தளர்ந்திருந்தால் போதும். வண்டி கிளம்பும்போது, "தம்பி, இது கொஞ்சம் லூசா இருந்துச்சு, இறுக்கி விட்டுட்டேன்" என்று யதார்த்தமாகச் சொல்வார். மாமனார் காதில் விழுகிற மாதிரி. தாளை மறுபடி தட்டச்சு செய்யச் சொல்லி அவர் கேட்கப் போவதில்லை. அவர்களாகச் செய்தால் வேண்டாம் என்று சொல்லவும் போவதில்லை.

இடது முன்சக்கரத்தில் ஆரம்பித்தார். முதல் நட்டு. இறுக்கும் பக்கமாக உடம்பைச் சாய்த்து அழுத்தினார்; தளர்ந்திருந்தால் நகரும். அசையவில்லை. இரண்டாவது. அதுவும் அப்படியே. நெஞ்சுக்குள் புகைந்தது. ஸ்பானரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகினார். கைப்பிடி இரண்டு பங்கு நீளமானது. இப்போது அழுத்தியதும் முதல் நட்டு ஒரு மயிரிழை நகர்ந்தது. இரண்டாவதும் நகர்ந்தது. 'பாத்தியா' என்று முணுமுணுத்துக்கொண்டார். இவ்வளவு நீளக் குழாயைப் போட்டு அழுத்தினால் மலையே நகரும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்ததை அந்த நேரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தார்.

மூன்றாவது நட்டு. "ம்ம்" என்றார். அது நகர்ந்தது. கால் திருகு கொடுத்தார். சட்டென்று அது இளகியது.

இறுகிக்கொண்டே போகும் ஒன்று திடீரென்று இளகுவது நல்லதற்கல்ல என்று வண்டி வேலை தெரிந்த எந்தக் கைக்கும் தெரியும். நட்டு மாட்டியிருக்கும் அந்த ஸ்டட், அந்த இரும்புக் காம்பு, உள்ளே மிட்டாயாக இழுபட்டுவிட்டது. வெளியே ஒன்றுமே தெரியவில்லை. இப்படி எத்தனை கைகளை அவர் படத்தில் பார்த்திருக்கிறார்! வீக்கம்கூட இல்லாமல் வந்து உட்கார்ந்து, ஒண்ணுமில்ல சார், லேசா வலிக்குது என்று சொன்ன கைகளை.

அப்போதுதான் கோடுகள் கண்ணில் பட்டன. மூன்று நட்டிலும் சிவப்புக் கோடு இரண்டு துண்டாக விலகி நின்றது.

முதலிரண்டையும் பின்னால் திருப்பிக் கோட்டோடு கோடு சேர்த்தார். மூன்றாவது ஸ்பானருக்குக் காத்திருந்ததைப் போல எளிதாகத் திரும்பி வந்தது. எல்லாம் நேராகிவிட்டது. ஆனால் ஒட்டுகிற இடத்தில் பூச்சு பொரிந்து உதிர்ந்திருந்தது. அதற்கு ஒரு சொட்டு பாலிஷ் வேண்டும்.

உள்ளே அவர் மனைவி, இந்த வீட்டு மூத்த மகள், அதற்குள் எழுந்து பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன் தங்கச்சி நெயில் பாலிஷ் எங்க இருக்கு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏங்க, உங்களுக்கு மரை கிரை கழண்டு போச்சா? இந்த வயசுல எந்த விரலுக்குப் போடப் போறீங்க?"

"சும்மா, ஒரு... பெட்டியில அடையாளம் போடணும்."

"காலையிலேர்ந்து உங்க மூஞ்சியே சரியில்ல. அவர் என்ன பண்ணாலும் உங்களுக்கு ஏன் வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி ஆகுது? கண்ணாடிகிட்ட இருக்கு, எடுத்துக்கோங்க." மறுபடி துணிக்குத் திரும்பினாள். "அப்பாவுக்குக் கால் நீட்டணுமாம், பின் சீட்டு கேக்கறாரு. நான் முன்னாடி உக்காந்துக்கறேன்."

முன்னாடி என்றால் இடது பக்கம். அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே.

அவர் குப்பியோடு சிறிது நேரம் நின்றார். பிறகு வெளியே போனார். போய், மூன்று நட்டிலும் மெல்லிய தூரிகையால் கோட்டைச் சேர்த்து வரைந்தார். மூன்றாவதில் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு முழுக்கோட்டையும் புதிதாகவே போட்டார். எக்ஸ்ரே தட்டில் வருடக்கணக்காகக் குறி வைத்துப் பழகிய கை. அந்தக் கோடு தலைமயிர் மாதிரி நேராக விழுந்தது. நான்கு காம்பு தாங்கும், ஒன்று போனால் என்ன என்று தனக்கே சொல்லிக்கொண்டார். மற்ற இரண்டையும் இதே குழாயால்தான் அழுத்தினோம் என்பது உடனே நினைவுக்கு வந்தது.

நான்கு மணிக்கு எல்லோரும் வெளியே வந்தார்கள். சின்ன மாப்பிள்ளை வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்தான். இடது முன்சக்கரத்தில் கொஞ்சம் கூடுதலாகவே குனிந்தான். பெரிய மாப்பிள்ளை மூச்சை இழுத்துப் பிடித்தார். அவன் நிமிர்ந்து, "எல்லாம் சரியா இருக்கு மாமா" என்றான்.

"நீங்க ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் என்ன மாப்பிள்ளை!" என்று மாமனார் பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டார்.

இந்தப் பாராட்டு பெரிய மாப்பிள்ளைக்கு, அந்த நிலைமையிலும், சுருக்கென்று தைத்தது. போகட்டுமே என்றும் ஒரு கணம் தோன்றிவிட்டது. தோன்றியதைப் பார்த்து அவருக்கே உடம்பு கூசியது.

வண்டி உறுமியது. மனைவி ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். "ராத்திரிக்கு ஃப்ரிட்ஜுல வச்சிருக்கேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்க. ஜில்லுன்னு தின்னுட்டு வயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்காதீங்க."

அவர் கை பானெட்டின் மேல் இருந்தது. எப்போது வைத்தார் என்று அவருக்கே தெரியாது.

"நிறுத்து."

"என்னண்ணே?"

"எஞ்சினை நிறுத்து தம்பி. இந்த மூணாவது நட்டு... நான் தொட்டுட்டேன்."

சின்ன மாப்பிள்ளை இறங்கி வந்தான். சக்கரத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். சிவப்புப் பெட்டியைத் திறந்து டார்க் ரெஞ்சை எடுத்து நட்டில் மாட்டி இழுத்தான். பின் சீட்டிலிருந்து மாமனார் காதைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். நட்டு திரும்பியது. டக் வரவில்லை. இன்னும் திரும்பியது. வரவில்லை. பிறகு பென்சில் முனை ஒடிகிற மாதிரி வேறொரு சத்தம் வந்தது. பாதி ஸ்டட் நட்டோடு அவன் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

"லூசா இருந்துச்சாண்ணே?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

என்னவாவது சொல்லியிருக்கலாம். பாதுகாப்புக்காக என்று சொல்லியிருக்கலாம், பழக்கதோஷம் என்று சொல்லியிருக்கலாம். "லூசா இருக்கணும்னு நெனச்சேன்" என்றார். "நீ போட்டதுல ஒண்ணாவது."

"அத்தான்!" என்றாள் மச்சினி.

சின்ன மாப்பிள்ளை முகம் முதல் தடவையாகச் சிவந்தது. "பாட்டில் மூடின்னு ஆறு வருஷமா சொல்றீங்க. சிரிச்சுட்டுப் போயிட்டேன். இன்னும் அறுபது வருஷம் சொல்லுங்க, சிரிக்கிறேன். ஆனா இது நாலு உசிரு போற வண்டிண்ணே!" ஒடிந்த துண்டைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினான்.

அப்பாடா, இவனுக்கும் வலிக்கிறது என்று பெரிய மாப்பிள்ளைக்குள் ஏதோ ஒன்று ஓரமாய் நிம்மதிப்பட்டது. தன் மேல் அவருக்கு அன்றைக்கு வந்த வெறுப்பில் பெரும்பங்கு அந்த நிம்மதிக்காகத்தான்.

மாமனார் திட்டவில்லை. காலை மடக்கிக்கொண்டு மெதுவாக இறங்கினார். "பதினெட்டு வருஷமா எத்தனை நட்டை இப்படி இறுக்கியிருப்பீங்க மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனார்.

அக்காவும் தங்கையும் ஐந்து மணி பஸ்ஸில் போனார்கள். பஸ் நிலையம் வரை பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தார். ஏறுவதற்கு முன்னால் மனைவி திரும்பினாள்.

"முன் சீட்டுல நான்னு தெரிஞ்சப்புறம்தான் கோடு போட்டீங்களா?"

"ஆமா."

"நட்டை உடைச்சதை மறந்துடுவேன். இதை எப்படி மறக்கறதுன்னு தெரியல."

பஸ் நகரும்போது ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. சூடு பண்ணச் சொல்லி அவள் இரண்டாம் முறை சொல்லவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அவர் புது ஸ்டட் மூன்று வாங்கிக்கொண்டு போனார். குழாய் போட்டு அழுத்திய மூன்றையும் மாற்ற வேண்டும் என்று சின்ன மாப்பிள்ளை போனில் சொல்லியிருந்தான். அதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. மனைவி முந்தின நாளே திரும்பியிருந்தாள். வீட்டில் கேட்டதற்குப் பதில் உண்டு. கேட்காததற்கு ஒன்றும் இல்லை.

வேலையில் அவரை அவன் சேர்க்கவில்லை. பழைய காம்புகளை அவனே தட்டி இறக்கினான். புதியவற்றை அவனே இழுத்து உட்கார வைத்தான். மரையில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் பண்ணினான். சக்கரத்தை மாட்டி, ஜாக்கியைப் பாதி இறக்கி, டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்போது சொன்னான்:

"உள்ள உக்காந்து பிரேக்கை மிதிச்சுக்கோங்கண்ணே. சக்கரம் சுத்தாம இருக்கணும்."

பெரிய மாப்பிள்ளை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். வெளியே அவனுடைய தலை மட்டும் தெரிந்து மறைந்தது. டக். இரண்டு. மூன்றாவதற்குக் கொஞ்சம் நேரமானது. அவர் பிரேக்கை இன்னும் அழுத்தி மிதித்தார். டக். ஒவ்வொரு சத்தத்திலும் அவன் கை அந்த இடத்திலேயே நின்றது. இன்னும் கொஞ்சம் என்று அந்தக் கைக்குத் தோன்றவே தோன்றாதா? மாமனாரின் பாராட்டைவிட, தாளில் இருந்த பெயரைவிட, இப்படிப் போதும் என்று நிற்க முடிகிற அந்தக் கையைப் பார்த்துத்தான் அவருக்கு இப்போது வயிறு எரிந்தது. நான்கு. ஐந்து.

அவன் ஜன்னலுக்கு வந்து நெயில் பாலிஷ் குப்பியை நீட்டினான்.

"கோடு நீங்க போடுங்க. எனக்குக் கை கோணும்." பிறகு, சிரிக்காமல், "அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும். அந்த ஒரு கோடு மட்டும் அவ்வளவு அழகா இருந்துச்சு" என்றான்.

பெரிய மாப்பிள்ளை இறங்கி மண்டியிட்டார். ஐந்து கோடு போட்டார், ஒவ்வொன்றும் மயிரிழை. முடித்துவிட்டு எழுந்து வலது முன்சக்கரத்துக்குப் போனார். அங்கே சின்ன மாப்பிள்ளை போட்ட கோணல் கோடுகள் ஐந்தும் உடையாமல் இருந்தன. குனிந்து வெகுநேரம் பார்த்தார். தன்னுடையதுதான் நன்றாக இருந்தது. சந்தேகமே இல்லை.